ஹாம் ரேடியோவை விழுங்கிய நெட் ஒயர்

அன்புள்ள மகளுக்கு,

கிழக்கே கடல் சாட்சி, மேற்கே ஏரி சாட்சி, இரண்டுக்கும் நடுவில் காயும் நெத்திலிக் கருவாடும் சாட்சி. உன் நைனாவாகிய நான் உறுதி கூறுகிறேன்: இந்தக் கடிதத்தில் வரும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. நீ அந்தக் கதைக்குள்ளேயே இருந்தவள், நீயும் நம்பமாட்டாய். உன் அம்மா முதல் வரியிலேயே சிரித்துவிட்டு மீன் அலசப் போய்விடுவாள். ஆனாலும் எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை உனக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிடுவாய். மற்ற அப்பாக்களெல்லாம் மகளுக்கு நகை போட்டு அனுப்புகிறார்கள். நானும் போடுகிறேன், போடாவிட்டால் உன் அம்மா என்னைக் கருவாட்டோடு காயவைத்துவிடுவாள். ஆனால் என் சொந்தச் சீதனமாக இந்தக் கடிதத்தைப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைக்கிறேன். மாப்பிள்ளை படிக்கலாம், சம்பந்தி வீட்டார் படிக்கலாம், லைட்ஹவுஸ் குப்பம் முழுக்க மைக் கட்டிப் படித்தாலும் ஆட்சேபணை இல்லை. இதில் வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னைத் தெரியாது என்பதால் முதலில் என் பெருமை. பழவேற்காட்டிலிருந்து சுண்ணாம்புக்குளம் வரை ஓடுகிற ஃபைபர் படகு ஒவ்வொன்றின் எஞ்சினும் என் கைபட்டு ஓடுவது. ஓடாமல் நின்ற எஞ்சின்களும் என் கைபட்டு நின்றவைதான், அதை விடுவோம். ஊருக்கெல்லாம் நான் மாமா. நைனா என்று கூப்பிட நீ ஒருத்திதான். இந்த எஞ்சின் பட்டறையின் மூலையில்தான் என் ராஜ்யம் இருக்கிறது: ஒரு பழைய ஹாம் ரேடியோ. அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, சொந்தமாகக் கம்பி கட்டி, யார் தயவும் இல்லாமல் ஊர் ஊராகப் பேசுகிற பொழுதுபோக்கு. செல்போன் கோபுரம் சாயட்டும், கரண்ட் போகட்டும், ஒரு படகு பேட்டரியும் இருபது மீட்டர் கம்பியும் இருந்தால் நான் பேசுவேன். பரீட்சையை நான் ஒரே தடவையில் பாஸ் செய்தேன். மூன்றாவது தடவையும் ஒரு தடவைதானே.

பொழுதுபோக்கு என்று நான் சொன்னாலும் அதில் ஒரு வேலை இருந்தது. கடலோரத்து ஹாம்காரர்கள் சேர்ந்து ஒரு புயல் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஊருக்கு ஒரு நிலையம். புயல் எச்சரிக்கை வந்தால் அந்தந்த ஊர்ச் செய்தியை அந்தந்த நிலையம் வாங்கி, எழுதி, திருப்பிப் படித்து, ஊரில் சேர்க்க வேண்டும். பழவேற்காடு பஜாரில் கடை வைத்திருக்கும் பாய்தான் அதை நடத்துகிறார். அவர் முப்பாட்டனார் கப்பலில் துணி ஏற்றியவர். இவர் காற்றில் சொல் ஏற்றுகிறார். நம் குப்பத்தின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற இந்த மணல் மேட்டுக்கு என் பட்டறை மூலை ஒரு காது. இந்தக் கதையில் பறிபோக இருந்தது அந்தக் காதுதான். என் மானம் இல்லை. மானம் முன்பே பலமுறை போய் வந்திருக்கிறது.

உனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை என்று சென்னைக் கம்பெனி சொன்னபோது நான் எப்படிக் குதித்தேன், நினைவிருக்கிறதா? நெட் இணைப்பு கீழே கூடத்துக்கு வந்தது. மாடி அறைக்கு வைஃபை ஏறவில்லை. கூடத்துப் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு நீளமான நெட் ஒயர் இழுத்து, மேலே இன்னொரு வைஃபை பெட்டி வைக்கவேண்டும் என்று நீ சொன்னாய். ஆள் கூப்பிடுகிறேன் என்றாய். ஆளா? நான் இருக்கும்போதா? மாடிப் பெட்டிக்கு அடாப்டர் தனியாக வாங்கவேண்டியிருந்தது. பொன்னேரி பிளாட்பாரத்தில், ஒரு கொய்யாப்பழக் கூடைக்குப் பக்கத்தில், கருப்பாக ஒன்று கிடந்தது. எடுத்தால் கொய்யாவைவிட லேசு. வாங்கிவந்தேன். அப்புறம் ஒயர். மொட்டைமாடிக் கம்பத்திலிருந்து என் ஆன்டெனா கேபிள் சுவரோடு இறங்கிப் பட்டறைக்கு வருகிறது அல்லவா? அதே சுவர், அதே வழி. உன் ஒயரை என் கேபிளோடு சேர்த்து வைத்து, சாண் சாணுக்கு வலை நூலால் முடிச்சுப் போட்டேன். எப்படிப்பட்ட முடிச்சு! வலை பொத்துகிற கை போட்ட முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. ஏழாயிரம் முடிச்சு. கட்டி முடித்ததும் பார்க்க வந்த கூட்டத்தில் ஐஸ் வண்டி தெருவுக்குள் நுழைய முடியவில்லை. "மாமா, ரெண்டும் ஒரே பாம்பு மாதிரி கீது"ன்னு எதிர்வீட்டுக்காரன் சொன்னான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ரேடியோவில் இரைச்சல். இரைச்சல் என்றால் சாதாரண இரைச்சலா? ஆயிரம் எஞ்சின் தண்ணீர் இல்லாமல் ஓடுகிற மாதிரி. ஏரியில் கைபோட்டு நண்டு பிடிக்கிற பெண்கள் வந்து, நண்டெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு கரையேறுகிறது, நாங்கள் கூடையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பூநாரைகள் அந்த வருஷம் ஆந்திரா பக்கம் தள்ளிப்போய் இறங்கியதற்கு விஞ்ஞானிகள் வேறு காரணம் சொல்வார்கள், நம்பாதே. ரேடியோ முகப்பில் இரைச்சலை அளந்து காட்டுகிற முள் கோடியில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் போக இடமிருந்தால் சுவரைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். தினமும் காலையில் என்னோடு பேசுகிற கூட்டாளிகள் ஒவ்வொருவராக அந்த இரைச்சலுக்குள் மூழ்கினார்கள்.

நான் என்ன செய்தேன்? ஊரைக் குற்றம் சொன்னேன். ஐஸ் உடைக்கிற மோட்டார்தான் என்று சொல்லி அதை ஒரு நாள் நிறுத்தவைத்தேன். மீனெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே கெட்டுப்போனது. தெருவிளக்கைச் சந்தேகப்பட்டேன். எறால் பண்ணையின் காற்றாடியைச் சந்தேகப்பட்டேன். எதிர்வீட்டு ஃபிரிட்ஜை இரண்டு மணி நேரம் அணைக்கச் சொன்னேன். "மாமா, உனக்கு வயசாயிடுச்சு, காதுல அடைப்பு, டாக்டராண்ட போ"ன்னான். மகளே, இதைக் குறித்துக்கொள்: வீட்டுக்குள் இரைச்சல் வரும்போது மனுஷனுக்கு முதலில் தெரிவது பக்கத்து வீடுதான். புது ஊரில் உனக்கும் அப்படித்தான் தெரியும். நாத்தனார் தெரிவாள், மாமியார் தெரிவாள், மாடிவீட்டுக்காரி தெரிவாள். நான் வீணாக்கியது ஐம்பது கிலோ சங்கரா மீன். நீ வேறு எதையாவது வீணாக்காதே.

இனி என் பெரிய குற்றம். உனக்குப் பாதிதான் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை புயல் ஒத்திகை. ஏரித் தீவு ஒன்றில் ஒருவர் சின்னப் பேட்டரி செட்டோடு உட்கார்ந்து மெல்லிய குரலில் ஊருக்கு ஒரு செய்தி அனுப்புவார். அந்தந்த ஊர் நிலையம் அதை எழுதிக்கொண்டு பாயிடம் திருப்பிப் படிக்க வேண்டும். என் முறை வந்தது. இரைச்சலுக்குள் எனக்குக் கேட்டது ஒரே ஒரு சொல், "பள்ளிக்கூடம்." மற்றதெல்லாம் மாவு மில். ஹாம்காரன் இந்த இடத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டும். ஆறு ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் யார்? கதை சொல்லிக் கடலையே நிறுத்துகிறவன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு கம்பீரமாகப் படித்தேன்: "பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பேர் தஞ்சம், சோற்றுப் பொட்டலம் உடனே தேவை." ஆயிரம் என்பது என் கைவண்ணம். சும்மா இருநூறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆறு ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் இரைச்சலைத் தாண்டி நன்றாகக் கேட்டது. பாய் சிரிக்கவில்லை. மதியம் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்துவிட்டார். பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து டீயைக்கூடத் தொடாமல், செய்தியை எழுதியிருந்த தாளை என் முன்னால் வைத்தார். "பள்ளிக்கூடத்தில் ஒரு கர்ப்பிணி, வலி தொடங்கியது, படகும் நர்சும் வேண்டும்." அதுதான் வந்த செய்தி.

"மாமு," என்றார், "இன்னிக்கு ஒத்திகை. நெசமா புயல் அடிச்சிருந்தா அந்தப் பொண்ணுக்கு சோத்துப் பொட்டலம் போயிருக்கும்."

"இரைச்சல் பாய். நீயே கேளு."

"இரைச்சல் இருக்கட்டும். கேக்கலேன்னு சொல்றதுக்கு இன்னா? வாய்ல கொழுக்கட்டையா?"

அவர் தொடாத டீயை எடுத்து என் வாயை நானே அடைத்துக்கொண்டேன். மகளே, அது என் வாழ்க்கையில் முதல் முறை. வேண்டுமானால் அம்மாவைக் கேள்.

"இன்னும் நாலு வாரம்," என்றார் பாய். "அடுத்த ஒத்திகைலயும் கேக்கலேன்னா உன் ஊர எடுத்துக் காட்டூர்க்காரர்கிட்ட குடுத்துடுவேன். அவர் வயக்காட்டுல உக்காந்திருக்கார், கடலே பாத்ததில்ல. ஆனா கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லுவார். நான் இன்னா பண்றது சொல்லு."

நீ அன்று சாயங்காலம் கேட்டாய்: "நைனா, புயல் அடிச்சா கரண்ட் போயிடும். கரண்ட் போனா இந்த இரைச்சலும் போயிடும்ல? அப்பறம் இன்னா கவல?" நல்ல கேள்வி. ஆனால் படகுகளைத் திருப்பிக் கூப்பிடவேண்டிய நேரம் புயலுக்கு முந்தின நாள். அன்றைக்குக் கரண்ட் இருக்கும், வெயில்கூட இருக்கும், நாற்பது படகு கடலில் இருக்கும். காது அப்போதுதான் திறந்திருக்க வேண்டும். காட்டூரிலிருந்து ஆள் வந்து இந்தக் கரையில் கத்த முடியாது.

இந்த விளக்கத்தை எல்லாம் கொடுத்த அதே வாயோடு அந்த வாரம் உனக்கு நான் செய்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இரைச்சல் உன் வைஃபை பெட்டியிலிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு ஞானோதயம். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்பது என் பரம்பரையிலேயே இல்லை. நீ ஹெட்போன் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தபோது பூனை போல மாடியேறி, கல்யாணத்துக்கு மீன் குழம்பு வைக்கிற அலுமினியக் குண்டானைத் தூக்கி, அறை வாசலில் இருந்த அந்தப் பெட்டிமேல் கவிழ்த்தேன். கீழே ஓடிவந்து பார்த்தால் முள் ஒரு மயிரிழை நகரவில்லை. உன் மீட்டிங்தான் செத்தது. அது, நீ செய்த வேலையை மேலதிகாரிகளுக்குக் காட்டுகிற நாள் என்பது எனக்குத் தெரியாது.

"நைனா! மேல இன்னா பண்ண?"

"ஒண்ணும் இல்ல கண்ணு. பல்லி உழுந்துச்சு. மூடி வெச்சேன்."

"பல்லிக்கு இம்மாம் பெரிய குண்டானா?"

"பெரிய பல்லி."

அடுப்படியிலிருந்து உன் அம்மா: "யோவ், அந்த ரேடியோவையே கட்டிக்கினு குடும்பம் நடத்திருக்கலாம்ல? என்னை இன்னாத்துக்குக் கட்டுன?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், சென்னையில் ஹாஸ்டல் பார்க்கிறேன், அங்கிருந்து வேலை செய்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாய். நான் வாசலில் கார்புரேட்டரைத் துடைப்பதுபோல நடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு கார்புரேட்டரை அன்றைக்கு எட்டு முறை துடைத்தேன். மன்னித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் உனக்குப் பிடித்த எறால் தொக்குக்கு எறால் வாங்கிவந்து வைத்தேன். நீ சாப்பிட்டாய். ஆனால் எறால் மன்னிப்புக் கேட்காது, மகளே. வாயால் கேட்க வேண்டும். உன் வீட்டுக்காரன் சண்டைக்கு அடுத்த நாள் அல்வா வாங்கிவந்தால் அல்வாவைத் தின்றுவிட்டு, "சரி, இப்ப சொல்லு"ன்னு எதிரில் உட்கார். நானும் இங்கே, தாமதமாக, சொல்லிவிடுகிறேன்: மன்னித்துக்கொள்.

நீ ஹாஸ்டலுக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றாய். "என் வேலையே தப்பு எங்க கீதுன்னு தேடறதுதான் நைனா. உன் ரேடியோவ படகு பேட்டரில போடு. நான் வூட்டு மெயினை ஆஃப் பண்றேன்."

"நம்ம வூட்டுதா? ஐஸ் மோட்டார்தான் பாப்பா—"

"மொதல்ல நம்ம வூடு."

மெயின் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. மகளே, அந்த நொடியை நான் எப்படி வர்ணிப்பேன்? இரைச்சல் முழுக்கச் செத்தது. அந்த அமைதியில் இலங்கைக்காரன் ஒருவன் இருமுகிறான், மலேசியாக்காரன் ஒருவன் தேநீர் ஆற்றுகிறான், அந்தமானில் ஒரு தென்னை ஓலை விழுகிறது, அத்தனையும் எனக்குக் கேட்டது. அத்தனை மாதமாக ஊர் முழுக்க நான் தேடிய திருடன் என் வீட்டுக்குள் இருந்தான்.

அப்புறம் நீ ஒவ்வொன்றாகப் போட்டாய். ஃபேன், முள் நகரவில்லை. ஃபிரிட்ஜ், நகரவில்லை. கூடத்து வைஃபை பெட்டி, நகரவில்லை. மாடிக்குப் போய், கொய்யாக்கூடைக்குப் பக்கத்தில் நான் கண்டெடுத்த அந்தக் கருப்பு அடாப்டரைச் செருகினாய். மாவு மில் திரும்ப வந்தது. "அதான்!" என்று கத்தினேன். நீ அதோடு விடவில்லை. அடாப்டரை அப்படியே விட்டுவிட்டு நெட் ஒயரை மட்டும் மாடிப் பெட்டியிலிருந்து பிடுங்கினாய். முள் பாதிக்கு மேல் இறங்கியது. மறுபடி செருகினாய், ஏறியது. பிடுங்கினாய், இறங்கியது. நோட்டில் எழுதிக்கொண்டு கீழே வந்து, சுவரையே பார்த்தபடி நின்றாய். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"நைனா, கத்தறது அந்த மட்டமான அடாப்டர். ஆனா அந்தக் கத்தல இந்த ஒயர் ஊர்வலமா தூக்கினு வந்து, நேரா உன் ஆன்டெனா கேபிள் காதுல ஊத்துது. ரெண்டையும் ஒண்ணா யாரு கட்டுனது?"

கட்டியது யார் என்று ஊருக்கே தெரியும். ஐஸ் வண்டி நின்ற அளவுக்குத் தெரியும். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் ஒயரை ஆணியில் தொங்கவிட்டிருப்பான். இரண்டும் ஒரு முழமாவது விலகியிருக்கும். எங்களுக்குத் தொங்குகிற கயிற்றைப் பார்த்தாலே கை அரிக்கும், அலையில் சிக்கும் என்று சேர்த்துக் கட்டிவிடுவோம். சுவரில் ஏது அலை? என் கை அதைக் கேட்கவில்லை.

அவிழ்க்கப் பார்த்தேன். என் முடிச்சு என்னையே மதிக்கவில்லை. நல்ல முடிச்சை வெட்டக் கூடாது என்று வளர்ந்த கை இது. ஏணியில் நின்றுகொண்டு நகத்தால் நோண்டினேன். உன் அம்மா அரிவாள்மனையிலிருந்து அரிவாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "எறங்குய்யா. தாலி முடிச்சக்கூட நீ இவ்ளோ அழுத்தமா போடல." வஞ்சிர மீனைத் துண்டு போடுகிற வேகத்தில் ஏழாயிரத்தையும் வெட்டி இறக்கினாள். உன் ஒயர் கிழக்குச் சுவருக்குப் போனது, என் கேபிள் மேற்குச் சுவரிலேயே நின்றது.

முள் இறங்கியது. ஆனால் தீவுக்காரரின் மெல்லிய குரலுக்கு அது போதாது. ஒயரை ஃபெரைட் வளையத்தில் பல சுற்று சுற்றினால் அதன் மேல்தோலில் ஓடிவரும் இரைச்சலை வளையம் விழுங்கிவிடும் என்று பாய் முன்பே சொல்லியிருந்தார். வளையத்துக்கு எங்கே போவது? பழைய டப்பா டிவியின் பிக்சர் டியூப் கழுத்தில் அப்படி ஒரு கருப்பு வளையம் உண்டு. நம் டிவி செத்துப் பல வருஷம் ஆகிறது. அதன்மேல் உன் அம்மாவின் சாமி படங்கள் குடியிருந்தன. பேச்சுவார்த்தை நடந்தது. பாகிஸ்தானோடு பேசுவது இதைவிடச் சுலபம்.

"வளையத்த எடுத்துக்க. டிவி டப்பா எடத்த வுட்டு நகரக் கூடாது. சாமி எங்க போவும்?"

"டப்பா அப்டியே இருக்கும். உள்ள இருக்கறது மட்டும்."

"திரும்ப மூடி வெப்பியா?"

"சத்தியமா."

"உன் சத்தியம் வேணாம். பாப்பா, நீ சொல்லு."

என் வீட்டில் என் சத்தியத்துக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். அதைச் சம்பாதித்தவனும் நான்தான். நீ சொன்னாய், அவள் ஒப்புக்கொண்டாள். எதிர்வீட்டில் செத்துக்கிடந்த டிவியிலிருந்து இன்னொரு வளையம் கிடைத்தது. ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டபிறகுதான் கொடுத்தான். உன் ஒயரின் இரண்டு முனையிலும் வளையத்தில் பத்துப் பத்துச் சுற்று சுற்றினோம். கருப்பு அடாப்டரைத் தூக்கிப் போட்டோம். அந்தப் பெட்டிக்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட், படகு பேட்டரியிலேயே ஓட்டலாம் நைனா என்றாய். பேட்டரியைக் கண்டுபிடித்தவனுக்கே அது தோன்றியிருக்காது என்று நான் ஊரெல்லாம் சொல்லிவருகிறேன். மதியத்தில் சோலார் தகட்டில் சார்ஜ், மற்ற நேரமெல்லாம் பேட்டரி. கூடத்துப் பெட்டியையும் இன்னொரு பேட்டரியில் மாட்டியதால், கரண்ட் போனாலும் உன் நெட் நிற்காது என்பது மேல்கொசுறு.

ஒத்திகை ஞாயிறு வந்தது. அன்றைக்குப் பார்த்து உன் கம்பெனியிலும் ஏதோ முக்கியமான வேலை, காலை எட்டு மணிக்கு நீயும் மாடியில் உட்கார வேண்டும். படியில் இறங்கிவந்து கேட்டாய்: "நைனா, ஒரு மணி நேரம் நெட்ட புடுங்கிடட்டுமா? ஆபீஸ்ல சொல்லிக்கறேன்."

என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே வீர வசனம் அதற்குப் பதில்தான். மற்ற வீர வசனங்களெல்லாம் நான் பின்னால் சேர்த்துக்கொண்டவை. "வேணாம் கண்ணு. நீ உன் வேலையப் பாரு. உன் நெட்டு ஓடும்போது எனக்குக் கேக்கலேன்னா, காட்டூர்க்காரரே வெச்சிக்கட்டும்."

நீ மேலே போனாய். உன் குரல் மாடியிலிருந்து இங்கிலீஷில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தது. நான் கீழே ஹெட்போனை மாட்டினேன். முள் அடியில் படுத்திருந்தது. ஒவ்வொரு ஊராக வந்து, என் முறை வந்தது. தீவுக்காரர் குரல் மணலில் நண்டு நடக்கிற சத்தம் போல மெல்லிசாக எழுந்தது. எழுதினேன். நடுவில் இரண்டு சொல் தவறிவிட்டது. இரைச்சல் இல்லை, நான் அழுத்தி எழுதியதில் பென்சில் உடைந்தது. அந்த இரண்டு சொல்லை என்னால் ஊகிக்க முடியும். அழகாக ஊகிக்க முடியும். ஆறு ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. வேறு பென்சிலை எடுத்து, பொத்தானை அழுத்தி, வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "எழுதவில்லை. மறுபடி சொல்லவும்."

யாரும் சிரிக்கவில்லை. வானம் இடியவில்லை. அவர் மறுபடி சொன்னார், அவ்வளவுதான். இத்தனை சுலபமான விஷயத்தை ஐம்பத்தெட்டு வருஷமாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன். எழுதியதைத் திருப்பிப் படித்தேன். பாய் குரல் வந்தது: "அச்சு அசல். மாமு, உன் ஊர் உன்கிட்டயே இருக்கட்டும்."

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே ஓடினேன். குப்பமே திரண்டது. நாற்பது படகின் எஞ்சினும் ஆளில்லாமல் தானாகவே ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆனது. கலங்கரை விளக்கம் பட்டப்பகலில் மூன்று முறை கண்ணடித்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கும் ஏரிக்கும் ஒன்பது சுற்று வந்தார்கள். உன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ரசம் கொதிக்குது, இன்னா இங்க கூட்டம்?" என்று கேட்டாள், பிறகு விஷயம் தெரிந்து, ரசத்தை மறந்தாள். ரசத்தை அவள் மறந்தாள் என்றால் அது எவ்வளவு பெரிய வெற்றி என்று உனக்குத் தெரியும். நீ மாடிச் சுவரிலிருந்து ஹெட்போனோடு எட்டிப் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனாய். உன் மீட்டிங் ஒரு நொடிகூட அறுபடவில்லை என்று அப்புறம் சொன்னாய்.

மகளே, கல்யாணம் முடிந்து நீ போகிற வீட்டில் உனக்கு ஒரு குரலும் வேலையும், மாப்பிள்ளைக்கு ஒரு குரலும் வேலையும் இருக்கும். ஒன்றை அணைத்தால்தான் மற்றது கேட்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இரண்டும் ஓடட்டும், இடையில் எது கத்துகிறது என்று தேடு, அதைத் தூக்கிப் போடு. பாசத்தால் ஒன்றாக இறுக்கிக் கட்டியதுகூடச் சில சமயம் ஒரு முழம் விலகி ஓடினால்தான் இரண்டுக்கும் நல்லது. நானும் உன் விஷயத்தில் இப்போது அதைத்தான் செய்யப் பார்க்கிறேன், அரிவாள்மனை இல்லாமல். அவர் பேசும்போது உனக்குக் கேட்கவில்லை என்றால் கேட்ட மாதிரி தலையாட்டாதே. அவர் சொல்லாததை நீயாக நிரப்பி, அதற்குக் கோபப்பட்டு, அதற்கு அழுது உட்காராதே. நிரப்புவதில் நீ என் மகள், அதனால்தான் பயம். மறுபடி சொல்லச் சொல். கௌரவம் போகாது. நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

விசாகப்பட்டினத்தில் இந்தக் கதையை நீ யாருக்குச் சொன்னாலும் உன் இஷ்டம்போல் குறைத்துக்கொள். படகுகளைக் குறை, முடிச்சுகளைக் குறை, என் வீரத்தை வேண்டுமானால் பாதியாக்கு. சிரித்துவிட்டுப் போகட்டும். ஒன்றை மட்டும் தொடாதே. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கிய செய்தி பதினோரு சொல். தாள் இன்னும் பட்டறைச் சுவரில் இருக்கிறது. "லைட்ஹவுஸ் குப்பம் கிழக்கே ஒரு படகு, மூன்று பேர், எஞ்சின் நின்றது, குடிநீர் இல்லை." மூன்று பேரை முப்பது ஆக்க எவ்வளவு நேரம் ஆகும் எனக்கு? ஆக்கவில்லை. இந்தக் கடிதம் முழுக்கத் தேடினாலும் உனக்குக் கிடைக்கிற உண்மை அவ்வளவுதான்: பதினோரு சொல். அதில் ஓர் எழுத்துகூட என்னுடையது இல்லை.

உன் நைனா